சிக்கன பட்ஜெட்டைப் பெண்கள் பக்கமிருந்து படிப்பது எப்படி: இலங்கைக் கணக்கை வைத்து ஒரு செய்முறை

வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்பட்ட மறுநாள் பத்திரிகைகளைப் பாருங்கள். சிகரெட் விலை, வாகன வரி, அரச ஊழியர் சம்பளம், எதிர்க்கட்சியின் கண்டனம், கடைசியில் எங்கேயோ ஒரு மூலையில் மகளிர் மேம்பாட்டுக்கு இத்தனை மில்லியன் என்று ஒரு பெட்டிச் செய்தி. பெண்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் அந்தப் பெட்டியைத்தான் காட்டுவார்கள். அதை ஒரு பக்கம் வையுங்கள். பெண்களின் நாளை உண்மையில் மாற்றிப்போடுகிற முடிவுகள் மின் கட்டணம், காஸ் மீதான வரி, ஆஸ்பத்திரி மருந்து, ஆசிரியர் நியமனம், தொழிலாளரின் ஓய்வுகாலச் சேமிப்பான சேமலாப நிதியின் வட்டி என்று பெண் என்ற சொல்லே இல்லாத பக்கங்களில் கிடக்கின்றன.

அந்தப் பக்கங்களை எப்படிப் படிப்பது என்பதுதான் இங்கே விஷயம். பொருளியல் பட்டம் எதுவும் தேவையில்லை. கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்தால் போதும், ஒரு கொப்பி வேண்டும், மனம்விட்டுப் பேசக்கூடிய நாலைந்து பெண்கள் வேண்டும். உதாரணத்துக்கு இலங்கையை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் சிக்கனம் எப்படி வேலை செய்கிறது என்பதை இவ்வளவு குறுகிய காலத்தில் இவ்வளவு வெளிப்படையாகக் காட்டிய நாடு அண்மையில் குறைவு. 2022 ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் நாலு வருடத் திட்டமாக ஏறத்தாழ 300 கோடி டொலர் தர ஒப்புக்கொண்டது. அதற்கு ஈடாக, வட்டிச் செலவைத் தவிர்த்துப் பார்த்தால் 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 சதவீதம் மிச்சம் காட்டவேண்டியிருந்தது. இந்த 2.3 எங்கிருந்து வந்தது? யாருடைய கையிலிருந்து, யாருடைய நேரத்திலிருந்து? அதைத்தான் தேடப்போகிறோம்.

தொடங்குவதற்கு முன் ஒரு சின்ன அடிப்படை

பெண்ணியப் பொருளியல் என்றதும் பெண் தொழிலதிபர்களைப் பற்றிய பேச்சு என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். அதன் கேள்வி வேறு. ஒரு நாடு தினமும் சாப்பிட்டு, குளித்து, நோய் தீர்ந்து, மறுநாள் காலை வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்புகிற நிலைக்கு வருகிறதே, அந்த வேலையைச் செய்வது யார்? நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் பொதுச் செலவினக் குழுவுக்குத் தலைமை வகித்த மர்லின் வேரிங், நாடுகளின் தேசியக் கணக்கில் இந்த வேலைக்கு இடமே இல்லை என்பதை 1988இல் ஒரு முழுப் புத்தகமாக எழுதினார். டயான் எல்சன் போன்ற பெண்ணியப் பொருளியலாளர்கள் அதே கேள்வியைச் சிக்கன நடவடிக்கைகள் பக்கம் திருப்பினார்கள். செலவைக் குறைக்கிற அரசு, பெண்களின் நேரம் ரப்பர் மாதிரி எவ்வளவு இழுத்தாலும் நீளும் என்று வாய்விட்டுச் சொல்லாமலே கணக்குப் போடுகிறது. நேரம் நீளாது. நீண்ட மாதிரித் தெரிந்தால் தூக்கத்திலிருந்தோ, சம்பள வேலையிலிருந்தோ, மூத்த மகளின் படிப்பிலிருந்தோ பிய்த்து எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

உலகத் தொழிலாளர் அமைப்பின் 2018ஆம் ஆண்டு அறிக்கைப்படி, உலகத்தில் ஒரு நாளைக்குச் சம்பளமில்லாமல் நடக்கும் பராமரிப்பு வேலை 1,640 கோடி மணிநேரம், அதில் நாலில் மூன்று பங்கைச் செய்வது பெண்கள். ஆகவே அரசு ஒரு சேவையை நிறுத்தினால் அந்த வேலை காணாமல்போவதில்லை, வீட்டுக்குள் வந்துவிடுகிறது, வந்த இடத்தில் பற்றுச்சீட்டு கிடையாது என்பதால் திறைசேரிக் கணக்கில் அது சேமிப்பு என்று பதிவாகிறது. கீழே வருகிற எல்லாமே இந்த ஒரு நகர்வைப் பிடிப்பதற்கான வழிகள்தான்.

எந்தக் காகிதத்தை எடுப்பது

உரையை மட்டும் படித்தால் ஏமாந்துபோவீர்கள். உரையில் அறிவிப்புகள் இருக்கும், காசு இருக்காது. நிதி அமைச்சின் இணையதளத்தில் வரவு செலவு மதிப்பீடுகள் என்று தடிமனான தொகுதிகள் இருக்கின்றன, தமிழிலும் வரும், அவைதான் தேவை. ஒவ்வொரு அமைச்சுக்கும் திணைக்களத்துக்கும் ஒரு செலவுத் தலைப்பு எண், அதன் கீழ் சம்பளம், மருந்து, எரிபொருள் மாதிரி மீண்டெழும் செலவு ஒரு பக்கம், கட்டடம், இயந்திரம் மாதிரி மூலதனச் செலவு ஒரு பக்கம். முழுத் தொகுதியையும் படிக்க முயலாதீர்கள், இரண்டாம் நாளே கை விட்டுவிடுவீர்கள். உங்கள் ஊர்ப் பெண்களின் வாழ்க்கையைத் தொடுகிற ஒரே ஒரு விஷயத்தைப் பிடியுங்கள், திரிபோஷ என்ற சத்துமா, அல்லது மாவட்ட ஆஸ்பத்திரி மருந்து, அல்லது முன்பள்ளி ஆசிரியை கொடுப்பனவு. அதன் பின்னாலேயே போங்கள்.

அந்த அட்டவணையில் போன வருடம் உண்மையில் செலவானதும், இந்த வருடம் ஒதுக்கியதும் தனித்தனி நிரல்களில் இருக்கும். ஒதுக்கீட்டை ஒதுக்கீட்டோடு ஒப்பிடுவது பத்திரிகைகள் வழக்கமாகச் செய்கிற தவறு. ஒதுக்குவது வேறு, விடுவிப்பது வேறு. பெரிதாக ஒதுக்கி, வருடக் கடைசி வரை காசை விடுவிக்காமல் இழுத்தடித்து, அதையும் சேமிப்பாகக் காட்டுவது எந்த நிதி அமைச்சுக்கும் கைவந்த கலை.

அடுத்தது நாணய நிதியத்தின் மீளாய்வு அறிக்கைகள். ஆங்கிலத்தில்தான் இருக்கும், நூறு பக்கத்துக்கு மேல் போகும், ஆனால் பின்னால் இருக்கும் நிபந்தனை அட்டவணைக்கு நேரே போய்விடலாம். அங்கே ஒரு விசித்திரம் தெரியும். வட்டி நீங்கிய மிச்சத்தொகை கட்டாய நிபந்தனை, அதைத் தவறவிட்டால் அடுத்த தவணைக்கு விசேட விலக்குக் கேட்டு நிற்கவேண்டும். சமூகச் செலவு இந்த அளவுக்குக் கீழே போகக்கூடாது என்பதும் அதே அட்டவணையில் இருக்கிறது, ஆனால் வெறும் வழிகாட்டு இலக்காக. 2023 இறுதிக்கான எண் இலக்குகள் எல்லாம் எட்டப்பட்டன, சமூகச் செலவு மட்டும் கொஞ்சம் குறைந்தது என்று மீளாய்வு சொன்னது. 2024 இறுதிக்கும் அதே கதை, எல்லாம் எட்டப்பட்டன, சமூகச் செலவைத் தவிர. திட்டம் நன்றாகப் போகிறது என்ற பாராட்டும் அதே அறிக்கையிலேயே இருக்கிறது. எனக்கு இந்த ஒரு வரி நூறு கருத்தரங்குகளைவிட அதிகம் சொல்கிறது.

விலைவாசியால் வகுக்காமல் வாய் திறக்காதீர்கள்

இது சின்ன வேலை, ஆனால் விட்டுவிட்டால் மிச்சமெல்லாம் வீண். கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் ஒரு வருடத்து விலையேற்றம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9 சதவீதம். ஒரு திட்டத்துக்குப் போன வருடம் 100 கோடி, இந்த வருடம் 130 கோடி என்று வைத்துக்கொள்வோம். 30 சதவீதம் கூட்டிக் கொடுத்தோம் என்று அமைச்சர் சொல்வார். 130ஐ 1.7ஆல் வகுங்கள், 76 வரும். அதாவது பழைய விலையில் 76 கோடிக்கான பொருள்தான் வாங்கமுடியும், நாலில் ஒரு பங்கு போய்விட்டது. சத்துணவுத் திட்டம் என்றால் பொது விலையேற்றத்தை விட்டுவிட்டு உணவு விலையேற்றத்தால் வகுங்கள், இன்னும் மோசமாக வரும்.

பின்னால் பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியபோது விலை இறங்கிவிட்டது என்று பேசியவர்கள் நிறையப் பேர். ஏறின விலை ஏறின இடத்தில்தான் இருந்தது, மேற்கொண்டு ஏறுகிற வேகம்தான் குறைந்தது. கூட்டங்களில் இதை விளக்கத் தயாராக இருங்கள், கட்டாயம் யாராவது கேட்பார்கள்.

வேலை, சேவை, பணப்பை

சிக்கனம் ஒரு பெண்ணிடம் வந்து சேரும் வழிகளைத் தனித்தனியாகத் தேடுவது நல்லது, ஏனென்றால் மூன்றும் ஒரே ஆளின் மேல் ஒரே நேரத்தில் விழும், அதைப் புள்ளிவிவரம் தனித்தனி அறைகளில் போட்டு வைத்திருக்கும்.

வேலையிலிருந்து தொடங்குவோம். இலங்கையில் உழைப்புச் சந்தையில் இருக்கும் பெண்கள் சுமார் 32 சதவீதம்தான், ஆண்களில் 70 சதவீதம். வேலைக்குப் போகிற பெண்களில் படித்தவர்களுக்கு, குறிப்பாக வடக்கு கிழக்கிலும் மலையகத்திலும், கௌரவமான வேலை என்றால் பெரும்பாலும் அரசாங்க வேலைதான், ஆசிரியர்களில் நாலில் மூன்று பங்குக்குக் குறையாமல் பெண்கள். பிரசவ விடுப்பும் ஓய்வூதியமும் உறுதியாகக் கிடைக்கிற கதவு அது. அந்தக் கதவில் நடந்தவற்றை வரிசைப்படுத்துங்கள்: புதிய நியமனங்கள் நிறுத்தம், 2023 ஜனவரியிலிருந்து ஓய்வு வயது 60 ஆகக் குறைப்பு, வெளிநாட்டுக்கு வேலைக்குப் போவதற்குச் சம்பளமில்லாமல் ஐந்து வருடம் வரை விடுப்பு. உணவுத் தட்டுப்பாட்டுக்குத் தீர்வாக அரச ஊழியர்கள் வெள்ளிக்கிழமை வீட்டில் இருந்து தோட்டம் செய்யலாம் என்று 2022 ஜூனில் ஒரு முடிவு வந்ததும் நினைவிருக்கலாம். வீட்டிலிருக்கிற அந்த வெள்ளிக்கிழமையில் யார் மண்வெட்டி பிடித்தார், யார் மூன்று வேளை சமைத்தார் என்பது கேட்கவேண்டிய கேள்வி, யாரும் கேட்கவில்லை.

உங்கள் கொப்பியில் எழுதவேண்டியது: நான் எடுத்துக்கொண்ட சேவையில் எத்தனை பதவி வெற்றிடம், அந்தப் பதவியில் வழக்கமாக ஆணா பெண்ணா, அந்த வேலையை இப்போது யார் செய்கிறார். கடைசிக் கேள்விதான் முக்கியம். தாதியர் பற்றாக்குறை என்றால் விடுதியில் நோயாளிக்குப் பக்கத்தில் ஒரு அம்மாவோ மனைவியோ மகளோ உட்கார்ந்திருப்பார், அவர்தான் சம்பளமில்லாத தாதி.

சேவைகளைப் பற்றி அதிகம் நீட்டத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும். மருந்தை வெளியில் வாங்கச் சொன்ன நாட்கள், எரிபொருள் இல்லாமல் பள்ளிகள் மூடிய வாரங்கள், கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் கொடுக்கிற திரிபோஷ கிடைக்காமல் கிளினிக்கிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய மாதங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வியைப் போடுங்கள். இதை ஈடுகட்ட அலைந்தது யார்?

பணப்பைக் கணக்குக்கு எண்கள் இருக்கின்றன, அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். வற் வரி, அதாவது பொருள் சேவைகள் மீதான பெறுமதி சேர் வரி, 2019 டிசம்பரில் 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைக்கப்பட்டது. பிறகு 2022 ஜூனில் 12, அதே வருடம் செப்டெம்பரில் 15, 2024 ஜனவரி 1இல் 18. கடைசி ஏற்றத்தோடு சேர்த்து அதுவரை விலக்கு இருந்த 97 பொருள்களும் சேவைகளும் வரிக்குள் வந்தன, சமையல் காஸ் உட்பட. வற் வரி ஆண் பெண் பார்ப்பதில்லை என்பார்கள். வருமானம் முழுவதையும் சாமான் வாங்கவே செலவழிக்கிறவர் தன் வருமானம் முழுவதற்கும் வரி கட்டுகிறார், பாதியைச் சேமிக்கக்கூடியவர் பாதிக்குக் கட்டுகிறார். சம்பளம் குறைந்தவர்களிலும், வருகிற காசை வீட்டுச் சாப்பாட்டுக்கே கொட்டுகிறவர்களிலும் பெண்கள் அதிகம் என்பதால் அந்த வரி பெண்களைத் தேடிக்கொண்டு வருகிறது. மாதவிடாய் அணையாடைக்குக் கட்டுகிற வரி தனி, அதை எந்த ஆணும் கட்டுவதில்லை.

மின் கட்டணம் இன்னும் தெளிவான உதாரணம். மாதம் 30 அலகு மட்டும் எரிக்கிற வீடு, அதாவது நாலு விளக்கும் ஒரு சின்னத் தொலைக்காட்சியும் இருக்கிற வீடு. 2022 ஓகஸ்டுக்கு முன் அலகுக்கு 2.50 ரூபாய், நிலையான கட்டணம் 30 ரூபாய், மொத்தம் 105. ஓகஸ்டில் அலகுக்கு 8, நிலையானது 120, மொத்தம் 360. 2023 பெப்ரவரியில் அலகுக்கு 30, நிலையானது 400, மொத்தம் 1,300. பன்னிரண்டு மடங்கு. அன்றைக்கு அரசு சொன்ன சராசரி ஏற்றம் முதல் தடவை 75 சதவீதம், இரண்டாம் தடவை 66 சதவீதம். சராசரிக்குள் எந்த வீடு ஒளிந்திருக்கிறது என்பது இப்போது புரிந்திருக்கும். நியாயமாகச் சொல்லவேண்டுமானால், 2023 ஜூலையில் இந்த அளவு எரிக்கிற வீடுகளுக்குக் கட்டணம் நன்றாகவே குறைக்கப்பட்டது. ஆனால் அந்த இடைப்பட்ட மாதங்களில் கட்ட முடியாமல் மின்சாரம் வெட்டப்பட்ட வீட்டுக்கு, திரும்ப இணைக்கவும் தனியாகக் காசு வேண்டும்.

நேரக் கொப்பி: இதில்தான் அதிக நாள் செலவழிக்கவேண்டும்

இதுவரை சொன்னதெல்லாம் அலுவலகக் காகிதத்தில் இருப்பவை. அலுவலகத்தில் இல்லாதது நேரம். அதை நீங்களே சேகரிக்கவேண்டும், வேறு வழியில்லை. இலங்கைப் புள்ளிவிவரத் திணைக்களம் 2017இல் ஒரு நேரப் பயன்பாட்டு ஆய்வு செய்தது, அது நெருக்கடிக்கு முந்தியது.

"வேலைக்குப் போறீங்களா?" என்று மட்டும் தொடங்காதீர்கள். "இல்ல, சும்மா வீட்டிலதான் இருக்கிறன்" என்று பதில் வரும், அதோடு உங்கள் ஆய்வு முடிந்தது. நேற்றைப் பற்றிக் கேளுங்கள். நேற்று எத்தனை மணிக்கு எழும்பினீங்க, எழும்பினதும் முதல்ல என்ன செய்தீங்க, அதுக்குப் பிறகு. அரை மணி அரை மணியாகப் போங்கள். ஒரே நேரத்தில் இரண்டு வேலை நடந்தால் இரண்டையும் எழுதுங்கள், உலையில் அரிசி, இடுப்பில் பிள்ளை, வாயில் பெரியவனுக்குத் தமிழ் பாடம் என்பது மூன்று வேலை. "ரெஸ்ட் எடுத்தேன்" என்று சொல்லும்போது கை என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்.

அதே வீட்டில் ஆணிடமும் அதே கேள்விகளைத் தனியாகக் கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் ஆண் பெண் வித்தியாசம் என்று பேசமுடியாது. முடிந்தால் மூத்த பெண்பிள்ளையிடமும், அம்மம்மாவிடமும். குறிப்பாகத் தாய் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன வீட்டில் இந்த இரண்டு பேரின் நேரம்தான் முழுக் கணக்கும். 2022 ஜூனில், வெளிநாட்டில் வீட்டுப் பணிப்பெண்ணாகப் போவதற்கான குறைந்தபட்ச வயதை எல்லா நாட்டுக்கும் 21 என்று அமைச்சரவை குறைத்தது, அதற்கு முன் சவூதிக்கு 25. நாட்டுக்கு டொலர் தேவைப்பட்டபோது இளம் பெண்களை அனுப்புவது ஒரு கொள்கையாகவே வந்தது. அவர் விட்டுப்போன வீட்டு வேலை யாருடைய கொப்பியில் ஏறியிருக்கிறது என்று பாருங்கள்.

எழுதியான பிறகு ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் ஒரு கேள்வி: இது 2021இலும் இவ்வளவு நேரம் எடுத்ததா? ஆம் என்றால் விடுங்கள். இல்லை என்றால் ஏன் கூடியது, எந்தக் கட்டணம், எந்த வெட்டு. உதாரணத்துக்கு, காஸ் கட்டுப்படியாகாமல் ஒருவர் விறகுக்கு மாறினார் என்று வைத்துக்கொள்வோம். விறகு பொறுக்க, பிளக்க, அடுப்பு ஊத, கரிப்பிடித்த பானை தேய்க்க எல்லாமாகச் சேர்த்து நாளுக்கு ஒன்றரை மணிநேரம் கூடுதலாகப் போகிறது. மாதத்துக்கு 45 மணிநேரம். இதற்கு என்ன விலை போடுவது? ஊரில் அதே மாதிரி உழைப்புக்குக் கொடுக்கிற குறைந்த கூலியைப் போடுங்கள், அதிகம் போட்டால் சண்டைக்கு வருவார்கள். அந்த வருடங்களில் தேயிலைத் தோட்ட நாட்சம்பளம் 1,000 ரூபாய், எட்டு மணிநேரம் என்று வைத்தால் மணிக்கு 125. 45 மணிநேரத்துக்கு 5,625 ரூபாய். 2023இல் வந்த அஸ்வெசும என்ற அரச நலன்புரி உதவியில் பாதிக்கப்படக்கூடியவர் என்ற பிரிவுக்கு மாதம் 5,000 ரூபாய். இந்த உதாரணப் பெண் அரசிடமிருந்து வாங்குவதைவிட அதிகத்தை விறகடுப்பில் அரசுக்குத் திருப்பிக் கொடுக்கிறார்.

இது என் உதாரணக் கணக்கு, உங்கள் ஊர் எண் வேறாக இருக்கும். ஆனால் வடிவம் இதுதான்: ஒரு கட்டண மாற்றம், அதனால் கூடிய மணிநேரம், அந்த நேரத்தின் விலை, அதற்கு ஈடாக வந்த உதவித்தொகை. நாலு எண் ஒரு தாளில் அடங்கும்.

தோட்டப் பெண்களிடம் கேட்கும்போது அரைப்பேரையும் கேளுங்கள். குறித்த நிறைக்குக் கொழுந்து எடுக்காவிட்டால் அரைநாள் சம்பளம்தான் விழும். காலையில் தண்ணீர்க் குழாயடியிலோ ஆஸ்பத்திரி வரிசையிலோ போன அரை மணி பின்னேரம் அரைப்பேராக மாறுகிற இடம் அது. சம்பளமில்லாத வேலை சம்பள வேலையை எப்படிச் சாப்பிடுகிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான அளவுகோல் எனக்குத் தெரியாது.

குடும்பத்துக்குள்ளேயும் போங்கள்

அரசு உதவி குடும்பத்துக்குத்தான் வருகிறது, ஆட்களுக்கு அல்ல. அஸ்வெசும தெரிவுக்கு 22 குறிகாட்டிகள், வீடு, சொத்து, கல்வி, உடல்நலம், மின் பாவனை என்று பல. அந்த 22இல் சாப்பாடு பற்றாதபோது கடைசியாகச் சாப்பிடுவது யார், காசு யார் கையில் என்பதற்கு இடமில்லை. குடும்பம் ஒரே மனசோடு பகிர்ந்து வாழும் ஒரு அலகு என்பது பாடப்புத்தகப் பொருளியலின் பழைய நம்பிக்கை. உதவித்தொகை யாருடைய வங்கிக் கணக்குக்கு வருகிறது, அட்டை யாரிடம், அடகுக்குப் போனது யாருடைய நகை, நுண்கடன் யார் பேரில் என்று எழுதுங்கள். நாட்டில் ஏறத்தாழ நாலில் ஒரு குடும்பம் பெண் தலைமையில் நடக்கிறது, போருக்குப் பிந்தைய வடக்கு கிழக்கில் அது ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

நுண்கடனைத் தனியாகவே பார்க்கவேண்டும். வாராவாரம் வசூலுக்கு வந்து வாசலில் நிற்கிற கடன், பெரும்பாலும் பெண்கள் பேரிலேயே எழுதப்பட்டது. 2018இலேயே வறட்சி மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 1 லட்சத்துக்கு உட்பட்ட கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவிக்கவேண்டி வந்த அளவுக்கு முற்றியிருந்தது. அரசு கைவிட்ட செலவைக் கடன் வாங்கிச் சமாளிக்கிற வீட்டில், தவணையும் சிக்கனத்தின் செலவுதான், அதை வேறு தலைப்பில் போட்டுத் தப்பவிடாதீர்கள்.

ஊழியர் சேமலாப நிதியையும் கேளுங்கள். 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது வங்கிகள் தப்பின, சேமலாப நிதி மாட்டியது. கைவசமிருந்த அரச முறிகளை, அதாவது அரசின் கடன் பத்திரங்களை, குறைந்த வட்டி முறிகளுக்கு மாற்று, இல்லாவிட்டால் 14க்குப் பதிலாக 30 சதவீத வரி கட்டு என்பதுதான் தெரிவு. ஆடைத் தொழிற்சாலையிலும் தோட்டத்திலும் இருபது வருடம் நின்ற பெண்ணுக்குக் கடைசியில் கைக்கு வருகிற ஒரே தொகை அதுதான். வீட்டு வேலை செய்கிற பெண்ணுக்கு அதுவும் இல்லை.

என்ன எதிர்க்கேள்வி வரும்

ஆண்களும்தானே கஷ்டப்பட்டார்கள் என்பது முதலில் வரும். ஆம், மண்ணெண்ணெய் விலையால் கரையில் நின்ற மீனவரும் முச்சக்கர வண்டிக்காரரும் இதே நெருக்கடியில் மாட்டினவர்கள், மறுக்கவேண்டாம். அவர்களுடைய வருமானம் போனபோது அந்த வீட்டில் குறைவை நிரப்பியது யாருடைய நேரம் என்று உங்கள் கொப்பியைக் காட்டுங்கள். அதேபோல எல்லாப் பெண்களும் ஒன்று என்று நீங்களும் பேசாதீர்கள், கொழும்பில் வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்பவரின் நேரக் கொப்பியும் அந்த ஆளின் நேரக் கொப்பியும் ஒன்றல்ல.

அடுத்தது, இந்தக் காசைப் பெண்ணின் இழப்பு என்று எப்படிச் சொல்வீர்கள், அது குடும்பக் காசு அல்லவா என்பது. பிரிட்டனில் இதே சண்டை நடந்தது. 2010 ஜூன் அவசர பட்ஜெட்டில் வரி, உதவித்தொகை மாற்றங்களால் திரளும் சுமார் 800 கோடி பவுண்டில் 72 சதவீதம் பெண்களின் கையிலிருந்து போகிறது என்று அங்குள்ள நாடாளுமன்ற நூலகத்தின் எண்களை வைத்துக் கணக்கிட்டார்கள். பிள்ளை உதவித்தொகை தாயின் பேரில் வருவதால்தான் இப்படித் தெரிகிறது என்று விமர்சனம் வந்தது. தாயின் பேரில் வருகிறது என்பதுதானே விஷயம்! யார் கையில் வருகிறது என்பதைப் பொறுத்து அந்தக் காசு பால்மாவாகிறதா வேறொன்றாகிறதா என்பது மாறும். ஆனாலும் உங்கள் கணக்கில் எதை ஆள்வாரியாகப் பிரித்தீர்கள், எதைக் குடும்பமாக வைத்தீர்கள் என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள், வாய்த்தர்க்கம் மிச்சம்.

மகளிர் ஒதுக்கீடு கூடியிருக்கிறதே என்பார்கள். இந்தியாவில் 2005-06 முதல் ஒவ்வொரு பட்ஜெட்டோடும் பாலின பட்ஜெட் அறிக்கை வருகிறது. முழுக்கப் பெண்களுக்கான திட்டங்கள் என்ற பகுதியில் கிராமப்புற வீட்டுத் திட்டத்தின் முழுத் தொகையையும் சேர்த்துத்தான் எண்ணைப் பெரிதாக்கினார்கள். வீட்டில் குடும்பமே குடியிருக்கும், கணக்கில் பெண் மட்டும். அறிக்கை இருப்பது நல்லதுதான், அதற்குள் என்ன போட்டிருக்கிறது என்று பிரித்துப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாக, காசே இல்லையே, வேறு என்ன செய்வது? இதற்குத்தான் 2019ஐ மறக்கக்கூடாது. வற் வரியைப் பாதியாக்கியதோடு சம்பளத்தில் பிடிக்கும் வருமான வரியையும் எடுத்துவிட்டு, வரி வருமானத்தை விழவைத்த முடிவு அது. அதன் பலன் மேல்தட்டுக்கு அதிகம் போனது. திரும்பப் பிடித்தபோது வருமான வரியையும் 36 சதவீதம் வரை கூட்டினார்கள், உண்மை. ஆனாலும் பெரிய பாரம் எல்லோரும் வாங்குகிற பொருளின் மேல் ஏறியது. சொத்து வரியைப் பற்றிய பேச்சு மட்டும் அடுத்த வருடம் அடுத்த வருடம் என்று தள்ளிப்போனது. எங்கே வெட்டுவது என்பதோடு யாரிடம் வாங்குவது என்பதும் தெரிவுதான்.

கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது

தேசிய பட்ஜெட் பெரிதாகத் தெரிந்தால் பிரதேச சபையின் பாதீட்டிலிருந்து தொடங்குங்கள். தெருவிளக்கு, பொதுக் கழிப்பறை, முன்பள்ளி, சந்தை வரி எல்லாம் அங்கே இருக்கின்றன, ஒரு நாளில் படித்து முடிக்கலாம். உள்ளூராட்சி சபைகளில் 2018 தேர்தலிலிருந்து பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. சபையிலிருக்கும் பெண் உறுப்பினரிடம் அந்த ஒரு தாளைக் கொடுங்கள், பேசுவதற்கு எண் இல்லாமல்தான் பல பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தேசிய மட்டத்தில் குழுநிலை விவாதம் நடக்கும்போது அமைச்சு வாரியாகப் பேசுவார்கள். உங்கள் விஷயம் எந்த அமைச்சு, எந்த நாள் என்று பார்த்து அதற்கு ஒரு வாரம் முன்பே உங்கள் மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினரின் கையில் தாள் இருக்கவேண்டும். விவாதம் முடிந்த பிறகு கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொள்வார்.

காகிதத்தில் கிடைக்காத எண்ணுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. "பெண்களுக்கு என்ன செய்தீர்கள்" என்று பொதுவாகக் கேட்டால் கிடைப்பது பயிற்சிப்பட்டறைப் பட்டியல். இந்த ஆஸ்பத்திரிக்கு இந்த வருடம் மருந்துக்கு ஒதுக்கியது எவ்வளவு, மாதவாரியாக விடுவித்தது எவ்வளவு, தாதியர் பதவி எத்தனை, வெற்றிடம் எத்தனை என்று எண்ணாகக் கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அங்கேயும் அசையாவிட்டால் ஆணைக்குழு.

பதில் வரும்வரை நேரக் கொப்பியை மூடிவைக்காதீர்கள். ஆறு மாதம் கழித்துத் திரும்பப் போவதானால், பள்ளி விடுமுறையிலும் அடைமழையிலும் மணிநேரக் கணக்கு தானாகவே மாறும் என்பதால், முடிந்தவரை அதே பெண்களிடம், அடுத்த வருடம் அதே மாதத்தில் கேட்பதுதான் சரியாக வரும். பெயரை எழுதாமல் ஒரு எண்ணை மட்டும் போட்டு வையுங்கள், கடன்காரரோ கணவரோ அந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்க்க நேரலாம்.